நிற்பதற்கு ஓர் ஆள்

கேமரா மாட்டுவது பெரிய வித்தை இல்லை. சுவரில் துளை போடத் தெரிந்தவன், ஒயரைச் சிக்கலில்லாமல் இழுக்கத் தெரிந்தவன் யாரும் மாட்டிவிடலாம். ஆனால் மாட்டிய கேமராவில் வந்தது யார் என்று தெரிய வேண்டுமே, அங்கேதான் பாதிப் பேரின் குட்டு வெளிப்படும். கடையில் பொருள் களவு போனபிறகு போட்டுப் பார்த்தால் சட்டையின் நிறம் தெரியும், முகம் இருக்க வேண்டிய இடத்தில் மாவுருண்டை மாதிரி ஒன்று இருக்கும்.

நம் ஆள் மாட்டிய கேமராவில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. தெருவில் எல்லோருக்கும் அவன் கேமராக்காரன். மற்ற கேமராக்காரர்களே, வேலை முடிந்து படம் சரியாக வராவிட்டால் அவனைக் கூப்பிட்டு அனுப்புவார்கள். அவன் வந்து ஏணியில் ஏறி, லென்ஸின் வளையத்தை நகக்கண் அளவு இப்படியும் அப்படியும் திருப்பிவிட்டு இறங்குவான். பாராட்டினால் தலையாட்டுவான். திட்டினாலும் அதே தலையாட்டல்தான்.

லென்ஸைத் திருப்பும்போது கீழே ஓர் ஆள் நிற்க வேண்டும். திருடன் எங்கே வந்து நிற்பானோ அங்கே, முகத்தை நிமிர்த்தி, அசையாமல் நிற்க வேண்டும். சுவரைப் பார்த்துத் திருப்பினால் சுவர்தான் தெளிவாக விழும், திருட வருகிறவன் சுவருக்குள்ளிருந்தா வரப்போகிறான்? இதற்கென்றே கேமராக்காரனிடம் ஒரு கூட்டாளி இருந்தான். ஏணியைத் தூக்கி வருவதும் அவன்தான், பார்க்கவும் ஏணி மாதிரியே இருப்பான், அதனால் பேரும் ஏணி என்றே நிலைத்துவிட்டது. "இந்த ஊர்ல நான் திருடாத கடை இல்ல" என்று டீக்கடையில் பெருமையடிப்பான்.

படம் சரியானதும் மேலே இருப்பவன் "போதும்" என்று சொல்ல வேண்டும். அப்போதுதான் நிற்கிறவன் நகரலாம். சின்ன விஷயம்தான், ஆனால் மறந்தால் வம்பு. ஒருமுறை துணிக்கடையில் கணக்குப் பார்க்கும் பெரியவரைக் கல்லாவுக்கு முன்னால் நிற்கவைத்துவிட்டு, வேலை முடிந்த சந்தோஷத்தில் இருவரும் டீ குடிக்கப் போய்விட்டார்கள். திரும்பி வந்தால் மனிதர் பிடித்துவைத்த பிள்ளையாராக அப்படியே நிற்கிறார், துணி வாங்க வந்தவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். "நீங்க போதும்னு சொல்லலியே தம்பி" என்றார். ஏணி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். கேமராக்காரனும் அன்று சிரித்ததாகத்தான் ஞாபகம்.

வருடக்கணக்கில் கையைத் தலைக்கு மேல் தூக்கி வேலை செய்தால் தோள் மரத்துப்போகும். கிள்ளினாலும் தெரியாது. அவனுக்குத் தோளோடு நிற்கவில்லை, உள்ளேயும் பரவிவிட்டது என்பது என் கணிப்பு. காரணமில்லாமல் சொல்லவில்லை.

கேமராவை எங்கே வைக்கச் சொல்கிறார்கள் என்பதை வைத்தே அவனுக்கு வீட்டுக் கதை விளங்கிவிடும். திருடனுக்குப் பயந்தவன், உள்ளே வருகிறவன் முகம் வேண்டும் என்பான். வீட்டு ஆளையே சந்தேகப்படுகிறவனுக்கு, வெளியே போகிறவள் முகம் வேண்டும். வாய் என்னவோ "காலம் கெட்டுக் கிடக்கு, பாதுகாப்புக்குத்தான்" என்று சொல்லும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதை. ஆனால் கையை நீட்டிக் காட்டும் இடம் உண்மையைச் சொல்லிவிடும். அந்த மாதிரி வீடுகளில் பெரும்பாலும் மனைவிதான் வந்து நிற்பாள். எங்கே நிற்கச் சொன்னாலும் நிற்பாள், எதையும் கேட்க மாட்டாள், இந்த ஆள் எப்போது கிளம்புவான் என்று மட்டும் அவள் முகத்தில் இருக்கும். ஆரம்பத்தில் இரண்டொரு வீடுகளில் கொடுத்த டீயைத் தொடாமல் இறங்கினான். பிறகு பழகிவிட்டது. "வெக்கச் சொன்னா வெக்கிறோம். நமக்கென்ன" என்பான் ஏணியிடம். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று சும்மாவா சொன்னார்கள்.

அவனுக்கு ஒரே தங்கை. பேர் ஒன்று உண்டு, ஆனால் வீட்டில் எல்லோருக்கும் அவள் பாப்பா. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள். அவள் நடந்து யாரும் பார்த்ததில்லை, ஓட்டம்தான். வீட்டு ஆல்பத்தில் எந்தப் படத்தை எடுத்தாலும் எல்லோரும் ஒழுங்காக நிற்பார்கள், பாப்பா மட்டும் கலங்கிப் புகையாக இருப்பாள். "கொஞ்சம் நில்லேன்டி" என்று அம்மா கத்தக் கத்த, கிளிக் ஆகும் நொடியில் திரும்பிவிடுவாள். பள்ளிக்கூடத்துக் குழுப் படத்தில் கூட, மூன்றாம் வரிசையில் புகையாக இருப்பது பாப்பாதான் என்று அடையாளம் சொல்லிவிடலாம்.

அவளைக் கட்டிக்கொடுத்த இடம் இதே நகரத்தில்தான். மாப்பிள்ளை அலுவலக உத்தியோகம். குரலை உயர்த்திப் பேச மாட்டார். குடி, சீட்டு எதுவும் கிடையாது. "தங்கமான மனுஷன்" என்று அம்மாவுக்குச் சொல்லிச் சொல்லி வாய் ஓயவில்லை. தங்கமானவர் வீட்டுக்குப் போனபிறகு பாப்பா முதலில் வேலையை விட்டாள். பிறகு வாராவாரம் வந்தவள் எப்போதாவது வந்தாள். பிறகு போனில் மட்டும் பேசினாள், அந்தப் பேச்சிலும் பக்கத்தில் யாரோ உட்கார்ந்து கேட்கிற மாதிரி ஓர் இடைவெளி இருக்கும். கேமராக்காரன் இதையெல்லாம் கவனிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். கவனித்தான், நினைத்துப் பார்க்காமல் விட்டான்.

ஒருநாள் மாப்பிள்ளை போன் செய்தார்.

"மச்சான், ஊருக்கெல்லாம் போடறீங்க, நம்ம வீட்டுக்கு ரெண்டு கேமரா போடக் கூடாதா?"

"போட்டுடலாம் மாப்ளே. எங்கெங்க வேணும்?"

"ஒண்ணு வாசலுக்கு வெளியில. கதவப் பாத்த மாதிரி. கதவத் தொறந்து வெளிய வந்தா முகம் தெரியணும். இன்னொண்ணு ஹால்ல. ரெண்டும் மைக் இருக்கறதா போடுங்க."

கேமராக்காரனுக்கு அந்த நிமிடமே எல்லாம் விளங்கிவிட்டது. இதை மாட்டினால் பாப்பா கதவைத் திறப்பது, செருப்பு மாட்டுவது, யாரோடு என்ன பேசுகிறாள் என்பது எல்லாம் அந்த மனிதரின் சட்டைப்பையில் இருக்கும். அதற்குப்பிறகு அவள் அந்த வீட்டைவிட்டு ஓர் அடி எடுத்துவைக்க முடியாது. மாட்டமாட்டேன் என்றால் வேறு ஒருவன் வந்து மாட்டிவிட்டுப் போவான், இவனுக்கு அந்த வீட்டு வாசலும் அடைபட்டுவிடும்.

அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னான்.

"வேலையும் ஆன மாதிரி இருக்கும், பாப்பாவப் பாத்த மாதிரியும் இருக்கும். போயிட்டு வா" என்றாள். பிறகு, "அங்க போய் ஏதாவது பேசி அவ வாழ்க்கையக் கெடுத்துடாதப்பா. சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்த கதையா ஆயிடப்போவுது."

அவன் தலையாட்டினான். போனில் தலையாட்டினால் அம்மாவுக்கு எப்படித் தெரியும்? ஆனாலும் ஆட்டினான்.

ஏணியை அழைத்துப் போகவில்லை. சொந்தக்காரர் வீடு, நானே பார்த்துக்கொள்கிறேன் என்றுவிட்டான். நல்ல வெயிலில், மாப்பிள்ளை அலுவலகத்தில் இருக்கும் நேரத்தில் போனான். மூன்றாவது மாடி. கதவைத் திறந்த பாப்பா மெலிந்திருந்தாள். "வாண்ணா" என்றாள். அவ்வளவுதான். முன்பெல்லாம் அண்ணன் வந்தால், அவன் செருப்பைக் கழற்றுவதற்குள் மூன்று கதை சொல்லி முடித்திருப்பாள்.

"டீ போடவாண்ணா?"

"வேலை முடியட்டும்."

துளை போட்டான். உதிர்ந்த தூசியைப் பாப்பா உடனுக்குடன் பெருக்கினாள். ஒயரை இழுத்தான். கேமரா ஓடத் தொடங்கியதும் மாப்பிள்ளைக்குப் போன் போட்டான். அங்கிருந்தே தன் போனில் படத்தைப் பார்த்தபடி அவர் வழி சொன்னார். குரல் ஸ்பீக்கரில் வீடு முழுக்கக் கேட்டது.

"இன்னும் கொஞ்சம் கீழ மச்சான். செருப்பு ஸ்டாண்டும் தெரியணும்... ஆங். அவள அங்க வாசல் மிதியடி மேல நிக்கச் சொல்லுங்க."

செருப்பு ஸ்டாண்டு எதற்கு என்று கேமராக்காரன் கேட்கவில்லை. எந்தச் செருப்பு வீட்டில் இருக்கிறது, எந்தச் செருப்பு இல்லை என்று பார்க்கத்தான். பாப்பா மிதியடி மேல் நின்றாள். ஹாலிலும் நின்றாள். "சோபா வேணாம், சமையக்கட்டு வாசல் வரட்டும்" என்றது ஸ்பீக்கர். சமையலறை வாசலிலும் போய் நின்றாள்.

ஓர் இடத்தில் அவன் போனையும் கேமராவின் மைக்கையும் மௌனமாக்கினான்.

"பாப்பா, உனக்கு இது சம்மதந்தானா?"

"அவர் சொன்னா சரிதாண்ணா."

"உன்னக் கேட்டேன்."

"என்னக் கேட்டு என்னண்ணா ஆவப்போவுது? நீ கோணாம நேரா மாட்டிட்டுப் போ."

கோபமாகச் சொல்லவில்லை. கடைக்காரரிடம் சில்லறை கேட்பது போலச் சொன்னாள். அவனுக்கும் எதுவும் தோன்றவில்லை. தோன்ற வேண்டும் என்று மட்டும் தோன்றியது. ஸ்பீக்கர் "மச்சான்? கேக்குதா?" என்றது. மௌனத்தை எடுத்துவிட்டு "கேக்குது மாப்ளே" என்றான்.

இங்கே தொழில் சங்கதி ஒன்று சொல்ல வேண்டும். நல்ல வெளிச்சத்தில் லென்ஸின் கண் தானாகச் சுருங்கிக்கொள்ளும். அப்போது வளையத்தை எப்படித் திருப்பினாலும் படம் தெளிவாக இருக்கிற மாதிரிதான் தோன்றும். சாயங்காலம் வெளிச்சம் குறைந்து கண் அகலமாகத் திறந்ததும் சாயம் வெளுத்துவிடும், எல்லாம் மங்கிப் போகும். அதனால் விவரம் தெரிந்தவன் பகலில் லென்ஸுக்கு முன்னால் ஒரு கறுப்புக் கண்ணாடியைப் பிடித்து, சாயங்காலம் வந்துவிட்டதாக அதை நம்பவைத்துவிட்டுத்தான் வளையத்தைத் திருப்புவான். வெல்டிங் வேலைக்காரர் முகமூடியில் இருக்குமே, அந்தக் கண்ணாடியின் துண்டு ஒன்று கேமராக்காரனின் சட்டைப்பையில் எப்போதும் துணியில் சுற்றியபடி இருக்கும். பசித்தால் சாப்பிட மறப்பான், அந்தக் கண்ணாடியை மறந்ததில்லை.

அன்று அதை எடுக்கவில்லை. மறந்தானா, கை வேண்டுமென்றே எடுக்காமல் இருந்ததா என்று அவனுக்கே தெரியாது. இதை நான் வீரம் என்று சொல்ல மாட்டேன். வாய் செய்ய வேண்டிய வேலையைத் திருட்டுத்தனமாகக் கை செய்தது, அவ்வளவுதான். "சூப்பர் மச்சான், கண்ணாடி மாதிரி இருக்கு" என்றார் மாப்பிள்ளை. பாப்பா போட்ட டீயை நின்றபடியே குடித்துவிட்டு இறங்கினான்.

மறுநாளே போன் வந்துவிட்டது.

"மச்சான், பகல்ல நல்லா இருக்கு. சாயங்காலம் ஆனா அவ மூஞ்சியே தெரியல. மசமசன்னு இருக்கு."

அவ மூஞ்சி என்றார். திருடன் மூஞ்சி என்று ஒரு மரியாதைக்குக் கூடச் சொல்லவில்லை.

"நாளைக்கு நான் சீக்கிரம் வீட்டுக்கு வந்துடறேன். இருட்டறதுக்குள்ள வாங்க. கூட இருந்து பாத்து முடிச்சுடலாம்."

ஏணிக்குச் செய்தி எட்டியபோது நம்பவே மறுத்தான். "நீ வெச்சு மசமசன்னா? யார்கிட்ட கத உடற?" என்று முகத்தையே பார்த்தான். பிறகு ஏதோ புரிந்தவன் மாதிரி, "நான் வேணா போய் முடிச்சுட்டு வரட்டா?" என்று மெதுவாகக் கேட்டான். "வேணாம். என் வேலை" என்றான் கேமராக்காரன்.

மறுபடியும் மூன்றாவது மாடி. மாப்பிள்ளை வாசலுக்கே வந்து வரவேற்றார். தண்ணீர் கொடுத்தார். சோபாவில் உட்கார்ந்து போனை எடுத்துக்கொண்டார். பாப்பாவைப் பார்த்து, "போ, அங்க நில்லு" என்றார். அதட்டவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். அவள் வெளியே வந்து மிதியடி மேல் நின்று, கேமராவைப் பார்த்து முகத்தை நிமிர்த்தினாள்.

கேமராக்காரன் ஏணியில் ஏறினான். மூடியைக் கழற்றினான். வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது, கறுப்புக் கண்ணாடிக்கு இன்று வேலையில்லை. கையிலிருந்த சின்னத் திரையில் தங்கையின் முகத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு வளையத்தைத் திருப்பினான். மங்கல் விலகியது. புருவம் வந்தது. மூக்கின் ஓரத்தில் சின்ன வயதில் விழுந்து அடிபட்ட தழும்பு வந்தது. இமை மயிர் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. இன்னும் ஒரு நூலளவு திருப்பினான். அவள் அசையவே இல்லை.

பாப்பா அசையாமல் இருக்கிற படத்தை அவன் வாழ்நாளில் முதல்முறையாகப் பார்த்தான். எல்லா வீடுகளிலும் பார்த்த அதே முகம். இந்த ஆள் எப்போது கிளம்புவான் என்கிற முகம். அண்ணனுக்கும் அதையேதான் காட்டிக்கொண்டிருந்தாள்.

"ஆங், இப்பதான் சரி" என்றார் மாப்பிள்ளை உள்ளேயிருந்து. "கண்ணிமை வரைக்கும் தெரியுது. கெட்டிக்காரர் மச்சான் நீங்க." அப்போது அவருக்கு ஏதோ அழைப்பு வந்தது. பேசிக்கொண்டே உள்ளறைக்குப் போய்விட்டார்.

கேமராக்காரன் திருகாணியை இறுக்கினான். மூடியைப் போட்டான். துணியால் விரல் தடத்தைத் துடைத்தான். எல்லாம் கை தானாகச் செய்தது. ஏணியை மடக்கித் தோளில் வைத்து, "வரேன்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு இறங்கினான். தோளில் ஏணி இருப்பதே தெரியவில்லை.

கீழே வண்டியில் ஏணியைக் கட்டினான். ஒரு வேலை பாக்கி இருந்தது. மாட்டியவனுடைய போனிலும் படம் வரும், முடித்ததும் அதை நீக்கிவிட வேண்டும். அது தொழில் நாணயம், அவன் தவறவிட்டதில்லை. நீக்குவதற்காகப் போனைத் திறந்தான்.

மிதியடி மேல் பாப்பா நின்றுகொண்டிருந்தாள்.

படம் அப்படியே உறைந்துவிட்டதோ என்று நினைத்தான். இல்லை, மூலையில் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளறையிலிருந்து மாப்பிள்ளையின் சிரிப்பும் பேச்சும் லேசாகக் கேட்டன. நடைக்கூடத்து விளக்கு தானாக அணைந்தது. ஆள் அசைந்தால் எரிகிற விளக்கு அது. படம் கறுப்புவெள்ளைக்கு மாறியது. முகத்தை நிமிர்த்தியபடி, கைகளை உடம்போடு ஒட்டியபடி, இருட்டில் அவள் நின்றாள்.

போதும் என்று அவன் சொல்லவில்லை. அதனால் நிற்கிறாள்.

துணிக்கடைப் பெரியவர் ஞாபகம் வந்தது. சிரிப்பு வரவில்லை. தோளில் ஊசி குத்துவது போல ஏதோ தொடங்கி, கழுத்துக்கு ஏறி, நெஞ்சுக்கு இறங்கியது. மரத்த கை விழித்துக்கொள்ளும்போது வலிக்குமே, அந்த வலி. எத்தனை வீடு, எத்தனை பெண்களை நிற்கவைத்தோம் என்று அப்போதுதான் முதன்முறையாக நினைத்தான். நினைக்க நினைக்கக் கண் எரிந்தது. அம்மா சொன்னதும் ஞாபகம் வந்தது. சங்கு கிடக்கட்டும் என்று லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியில் ஏறினான்.

அவன் தலையைக் கண்டதும் விளக்கு எரிந்தது. பாப்பா கண்ணை மட்டும் திருப்பினாள்.

"போதும் பாப்பா" என்றான்.

அவள் தோள் இறங்கியது. "சரியா வந்துச்சாண்ணா?" என்றாள்.

"வந்துச்சு. நீ செருப்பப் போட்டுக்க."

"எதுக்கு?"

"வீட்டுக்குப் போலாம். அம்மாகிட்ட நான் பேசிக்கறேன்."

பாப்பா அண்ணனைப் பார்த்தாள். பிறகு எதிர்ச்சுவரின் மேலே கேமராவைப் பார்த்தாள். பிறகு திறந்திருந்த கதவுக்குள், ஹாலைப் பார்த்தாள். உள்ளறையில் பேச்சு நின்றது. வாசலில் நடமாட்டம் என்று மாப்பிள்ளையின் போன் மணியடித்துச் சொன்னது இங்கேவரை கேட்டது.

"யாரு வாசல்ல?" என்றார் உள்ளேயிருந்து.

"நான்தான் மாப்ளே" என்றான் கேமராக்காரன். "பாப்பாவக் கூட்டிட்டுப் போறேன்."

அதற்குப்பிறகு அம்மா அழுதது, மாப்பிள்ளை ஆள் மேல் ஆள் அனுப்பியது, ஊர் பேசியது எல்லாம் பெரிய கதை. அன்றைய பதிவை மட்டும் மாப்பிள்ளை சேமித்து வைத்து, பஞ்சாயத்துப் பேச வந்தவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டினாராம். அதில் கதவு தெளிவாகத் தெரிகிறது. மிதியடி தெரிகிறது. செருப்பு ஸ்டாண்டில் காலியான இடம் தெரிகிறது. ஓரமாக நிற்கும் மச்சானின் முகம் இமை வரை தெரிகிறது. குனிந்து செருப்பை மாட்டி, நிமிர்ந்து, படியை நோக்கிப் போகிற பெண் மட்டும் தெரியவில்லை. அந்த வெளிச்சத்தில் அவ்வளவு வேகமாகப் போகிறவளை எந்த லென்ஸாலும் பிடிக்க முடியாது. திரையில் அந்த இடத்தில் புகையாக ஒன்று கடந்து போகிறது.